உதவி உண்டு, உரிமம் எங்கே?

வழக்கமாக இப்பகுதியில் கட்டுரைப் பயிற்சி, இலக்கணம், வகுப்பறை அனுபவம் என்றே எழுதி வருகிறேன். இன்று சற்று விலகி, ஊராட்சி மன்றங்கள் சிறு வணிகர்களுக்கு வழங்கும் ஊக்குவிப்புகளைப் பற்றி எழுத விரும்புகிறேன். "ஆசிரியருக்கு ஏன் இந்த வேலை?" என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. என் வகுப்பில் காலை உணவு உண்ணாமல் வரும் பிள்ளைகளுள் சிலரின் பெற்றோர், அதே காலை வேளையில் ஊருக்கெல்லாம் பசியாற விற்றுக்கொண்டிருப்பவர்கள். அவர்களுடைய தொழில் ஆடினால் என் வகுப்பின் வருகைப் பதிவேடும் ஆடுகிறது.

பாரத்தில் எழுதிய பதில்

கடந்த ஆண்டு ஒருநாள் ஓய்வு நேரத்தில், ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஆசிரியர் அறை வாசலில் தயங்கி நின்றாள். கையில் நான்காக மடித்த தாள்கள்.

"டீச்சர், இதுல சில சொல் எனக்குப் புரியல. அம்மாவுக்கும் புரியல" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். அங்காடி உரிமத்திற்கான விண்ணப்பப் பாரம். முழுக்க மலாய்மொழியில் இருந்தது. பெயர், அடையாள அட்டை எண், முகவரி ஆகியவற்றைத் தன் தாயாருக்காக அவளே அழகான கையெழுத்தில் பென்சிலால் நிரப்பியிருந்தாள். கடைசிப் பக்கத்தில் 'அலுவலகப் பயன்பாட்டிற்கு மட்டும்' என்று ஒரு பகுதி உண்டல்லவா? அதையும் விட்டுவைக்கவில்லை. 'துறையின் கருத்து' என்ற கட்டத்தில், 'என் அம்மா நன்றாகச் சமைப்பார்' என்று மலாயில் எழுதியிருந்தாள்.

அதை அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் அழிக்கத்தான் சொன்னேன்.

அந்தத் தாயார் கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு புறநகரில், மலிவுவிலை அடுக்குமாடிக் குடியிருப்பின் முன்னால் சாலையோரமாகத் தோசையும் நாசி லெமாக்கும் விற்பவர். விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேசையை விரித்தால் ஒன்பது மணிக்குள் வியாபாரம் முடிந்துவிடும். தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்திருப்போரும் பள்ளிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோருமே அவருடைய வாடிக்கையாளர்கள். உரிமம் இல்லை. ஒருமுறை அமலாக்க அதிகாரிகள் வந்து மேசையையும் அடுப்பையும் ஏற்றிச் சென்றுவிட்டனர். அந்த வாரம் அம்மாணவி இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்று கடிதம் வந்தது. உண்மையில், பொருள்களை மீட்க அலைந்த தாயாருக்குத் துணையாகத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்திருக்கிறாள். இது பின்னர்தான் எனக்குத் தெரிய வந்தது.

தோட்டத்தில் தேவைப்படாத தாள்

இதற்கு ஒரு பின்னணி உண்டு. தோட்டப்புறத்தில் வாழ்ந்தபோது சம்பள நாளன்று வடையோ முறுக்கோ சுட்டு விற்ற பாட்டிகளிடம் யாரும் உரிமம் கேட்டதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது நம் மக்கள் பட்டணத்தின் விளிம்புக்கு வந்து சேர்ந்தனர். கைத்தொழில் கூடவே வந்தது. ஆனால், பட்டணத்தில் எதற்கும் ஒரு தாள் வேண்டும் என்ற பழக்கம் மட்டும் கூடவே வரவில்லை. இரண்டு தலைமுறை கடந்தும் அந்த இடைவெளி நம்மிடையே நீடிக்கிறது.

உதவிகளே இல்லையா?

உண்டு. இல்லையென்று சொல்வது அறமாகாது.

மத்திய அரசின் தெக்குன் நேஷனல், 'ஸ்பூமி' என்னும் பிரிவின் வழியாக இந்தியத் தொழில்முனைவோருக்குக் கடன் வழங்குகிறது. 2024ஆம் ஆண்டில் 'ஸ்பூமி கோஸ் பிக்' என்ற பெயரில் 30 மில்லியன் ரிங்கிட் கூடுதலாக அறிவிக்கப்பட்டது. 1987இல் தோன்றிய அமானா இக்தியார் மலேசியா, அதே 2024இல் இந்தியப் பெண் தொழில்முனைவோருக்கென்று 'பென்' என்னும் 50 மில்லியன் ரிங்கிட் திட்டத்தைத் தொடங்கியது. பேங்க் ராக்யாட்டின் 'பிரீஃப்-ஐ' திட்டத்திற்கும் அவ்வாண்டு 50 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. சிலாங்கூரில் மாநில அரசின் ஹிஜ்ரா சிலாங்கூர் சிறுகடன் தருகிறது. ஐ-சீட் திட்டமோ தையல் இயந்திரம், குளிர்பதனப் பெட்டி போன்ற தொழிற்கருவிகளைத் தருகிறது. ஊராட்சி மன்றங்களும் கூடாரம் வழங்குகின்றன. அங்காடிக் கட்டடங்களைக் கட்டித் தருகின்றன. 2020ஆம் ஆண்டு மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பிறகு, பல மன்றங்கள் அங்காடி வாடகையைக் குறைத்தன அல்லது தள்ளுபடி செய்தன.

அப்படியானால் சிக்கல் எங்கே? வரிசையில்தான் சிக்கல்!

கடன் கேட்கச் சென்றால், "தொழிலைப் பதிவு செய்துள்ளீர்களா? உரிமம் உண்டா?" என்பதே பெரும்பாலும் முதல் கேள்வி. கூடாரம் கேட்டாலும் அதே கேள்வி. அந்தத் தாயாரைப் போன்றோருக்கு முதற்படியே கிடைக்காதபோது, பத்தாம் படியில் எத்தனை மில்லியன் குவிந்திருந்தாலும் என்ன பயன்? ஆகவே, ஓர் ஊராட்சி மன்றம் சிறு வணிகருக்குத் தரக்கூடிய முதலாவதும் மிகப் பெரியதுமான ஊக்குவிப்பு பணமன்று, கூடாரமுமன்று. வாடிக்கையாளர் வரும் இடத்தில், வரும் நேரத்தில், அச்சமின்றித் தொழில் செய்ய அனுமதிக்கும் ஒரு சிறிய உரிமமே அது. இதுவே என் கருத்து.

நம் நாட்டு வரையறைப்படி, சேவைத் துறையில் ஐந்துக்கும் குறைவான முழுநேரப் பணியாளரோ ஆண்டுக்கு 300,000 ரிங்கிட்டுக்கும் குறைவான விற்பனையோ உள்ள தொழில் 'மைக்ரோ' எனப்படும் குறுந்தொழில். ஓர் அடுப்பும் ஒரு மேசையும் வைத்திருப்பவரும், நான்கு பணியாளர்களுடன் குளிரூட்டிய கடை நடத்துபவரும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றனர். திட்டம் அறிவிக்கப்படும்போது முன்னே நிற்பவர் யார், பின்தங்குபவர் யார் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தப் பாரத்தைப் பார்த்த பிறகு, 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தை (சட்டம் 171) எடுத்துப் படித்தேன். அதன் 107ஆம் பிரிவுதான் உரிமங்களைப் பற்றியது. பெற்றோர்கள் அறிந்துகொள்ள வேண்டியவை சில:

1. உரிமத்தின் கால அளவு மூன்றாண்டுகளுக்கு மேற்படக் கூடாது.
2. உரிமத்தை எந்த நேரத்திலும், காரணம் கூறாமலே, மன்றம் மீட்டுக்கொள்ளலாம்.
3. அவ்வாறு மீட்டுக்கொண்டால் இழப்பீடு கோர இயலாது.
4. புதிய உரிமத்தையோ புதுப்பித்தலையோ காரணம் கூறாமலே மறுக்கலாம்.

படித்துவிட்டுச் சிறிது நேரம் அப்படியே அமர்ந்திருந்தேன். கடன் வாங்கி, அடுப்பு வாங்கி, வாடிக்கையாளரைச் சேர்த்த ஒருவரின் பிழைப்பு இத்தனை மெல்லிய நூலில் தொங்குகிறது.

மன்றத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். சாலையோரக் கடைகளால் நெரிசல் ஏற்படுகிறது. எண்ணெயையும் எச்சிலையும் கால்வாயில் கொட்டுவதால் அடைப்பும் எலித்தொல்லையும் உண்டாகின்றன. மாத வாடகையும் உரிமக் கட்டணமும் செலுத்திக் கடை நடத்துபவர், "என் வாசலிலேயே கட்டணமின்றி ஒருவர் விற்கிறாரே!" என்று புகார் செய்கிறார். அவரும் நம்மைப் போன்ற சிறு வணிகர்தானே? ஆகவே, யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் விற்கட்டும் என்று நான் கூறவில்லை. ஒழுங்கு வேண்டும். ஆனால், ஒழுங்குக்குள் வருவதற்கு ஒரு வாசல் இருக்க வேண்டும் என்கிறேன்.

அந்தத் தாயாருக்கு வாசல் காட்டப்படாமல் இல்லை. "சாலையோரம் முடியாது, அங்காடி வளாகத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது" என்று முகப்பிடத்தில் கூறினராம். நானும் ஒருநாள் அவ்வழியே சென்று பார்த்தேன். நல்ல கட்டடம், தண்ணீர், மின்சாரம், கழிவறை எல்லாம் உண்டு. ஆனால், குடியிருப்பின் பின்புறம், பேருந்து நிற்காத சாலையில் இருக்கிறது. மாலையில்தான் அங்கு ஆள் நடமாட்டம். காலை ஆறு மணிக்கு அங்கே தோசை சுட்டால் காக்கைக்குத்தான் வைக்க வேண்டும். பாதிக் கடைகள் மூடிக் கிடந்தன. இதைக் கட்டிய பணமும் ஊக்குவிப்புக் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கும்! கட்டுவதற்கு முன், காலை ஐந்தரை மணிக்கு ஓர் அதிகாரி அந்தப் பேருந்து நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்றிருந்தால் இவ்வளவு செலவு வீணாகியிருக்காது.

மன்றங்களுக்கு ஐந்து பரிந்துரைகள்

முதலாவதாக, பறிமுதலுக்கு முன் வழிகாட்டல் வேண்டும். உரிமமின்றி விற்பவரிடம் முதல்முறை செல்லும் அதிகாரியின் கையில் தண்டத் தாளுக்குப் பதில் விண்ணப்பப் பாரம் இருக்கட்டும். குறித்த காலத்திற்குள் விண்ணப்பிக்காவிட்டால் பிறகு நடவடிக்கை எடுக்கட்டும்.

இரண்டாவதாக, ஆறு மாதச் சோதனை உரிமம் ஒன்றைக் குறைந்த கட்டணத்தில் வழங்கலாம். குறித்த இடம், குறித்த நேரம், தூய்மை விதிகள் ஆகியவற்றைப் பின்பற்றுபவருக்கு முழு உரிமம்; பின்பற்றாதவருக்கு இல்லை. இதனால் மன்றத்திற்கும் இழப்பில்லை.

மூன்றாவதாக, இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் விற்பவரையும் வாங்குபவரையும் கேளுங்கள். காலை ஐந்தரை முதல் ஒன்பது வரை மட்டும் பயன்படும் இடங்கள் எத்தனையோ உள்ளன. பத்து மணிக்குத் திறக்கும் கடைகளின் முன்னுள்ள வாகன நிறுத்துமிடங்கள் அந்நேரத்தில் காலியாகத்தானே கிடக்கின்றன?

நான்காவதாக, மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தாருங்கள். காரணம் கூறத் தேவையில்லை என்றுதான் சட்டம் சொல்கிறதே ஒழிய, கூறக்கூடாது என்று சொல்லவில்லை.

ஐந்தாவதாக, மாதம் ஒருமுறையேனும் முகப்பிடம் மக்களைத் தேடி வரட்டும். பாரம் தேசிய மொழியில் இருப்பதில் நமக்கு மறுப்பேதும் இல்லை, அதுவே முறை. அதனுடன் தமிழில் ஒரு பக்க விளக்கத்தாள் இணைந்திருந்தால் போதும். பதினொரு வயதுப் பிள்ளை தாயாரின் பிழைப்புக்கு மொழிபெயர்ப்பாளராக வேண்டிய நிலை வராது.

நம் பங்கு என்ன?

பிறரை நோக்கி மட்டும் விரல் நீட்டுவது ஆசிரியருக்கு அழகன்று. நம்மிடமும் குறைகள் உள்ளன.

கிடைத்த உரிமத்தை மற்றவருக்கு வாடகைக்கு விட்டு, மாதந்தோறும் சும்மா பணம் வாங்குவோர் நம்மிலும் இருக்கின்றனர். உண்மையாக உழைக்க விரும்பும் இன்னொரு தாயின் இடத்தை இவர்கள் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடன் வாங்கித் திருமண மண்டபத்திற்குக் கட்டுவோரும் இருக்கின்றனர். சிறுகடன் என்பது திரும்பி வந்தால்தான் அடுத்தவருக்குப் போகும். நாம் கட்டாமல் விட்ட தவணை, நம் அண்டைவீட்டாரின் விண்ணப்பத்தை நிராகரிக்கச் செய்கிறது.

பெற்றோர்களே, தொழில் செய்வோர் உடனே செய்யக்கூடியவை சில உள்ளன. மலேசிய நிறுவன ஆணையத்தில் தொழிலைப் பதிவு செய்யுங்கள். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட். வணிகப் பெயரில் என்றால் 60 ரிங்கிட். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டுச் சட்டம். உணவு விற்பவராயின், 2009ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிமுறைகளின்படி உணவு கையாள்வோர் பயிற்சியும் டைஃபாய்டு தடுப்பூசியும் கட்டாயம். ஒரு பழைய பயிற்சி நூலை எடுத்து, அன்றாட வரவையும் செலவையும் எழுதுங்கள். வீட்டுச் செலவுப் பணமும் கடைப் பணமும் ஒரே டப்பாவில் இருக்க வேண்டாம். கடன் அதிகாரி கேட்கும்போது, "நல்லா ஓடுது சார்" என்பதைவிட அந்த நோட்டுப் புத்தகம் உரக்கப் பேசும்.

இன்னொன்றும் கவனத்திற்கு. 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அவை முற்றாக ஒழிந்தன. இன்று மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காததால் அவர்கள் யாரென்றே நமக்குத் தெரிவதில்லை. ஆனால், மதிப்பீட்டு வரியைப் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நாம்தான் கட்டுகிறோம். வாடகைக்குக் குடியிருப்பவரும் வாடகைக்குள் அதைக் கட்டுகிறார். எனவே, உங்கள் வட்டாரத்தின் மன்ற உறுப்பினர் யார் எனக் கேட்டறியுங்கள். மன்றக் கூட்டங்கள், மன்றமே வேறுவிதமாகத் தீர்மானித்தாலன்றி, பொதுமக்களுக்குத் திறந்தவை என்று அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பது நம் பழமொழி. நாமோ வீட்டுக்குள் அழுகிறோம். மன்றத்தில் வாய் திறப்பதில்லை.

ஆசிரியர் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2011இல் அறிமுகமான தொடக்கப்பள்ளித் தர அடிப்படையிலான கலைத்திட்டத்தில் தொழில்முனைப்பு ஒரு விரவிவரும் கூறு. அதைப் பாடக்குறிப்பில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். பள்ளியில் கேண்டீன் தினம் நடக்கும்போது, பிள்ளைகளைக் கொண்டே முதல், விற்பனை, ஆதாயம் ஆகியவற்றைக் கணக்கிடச் செய்யலாம். ஒரு பாரத்தை எப்படி வாசிப்பது, எந்தப் பகுதியை நாம் நிரப்ப வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று கற்பிக்க ஒரு பாடவேளை போதும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் மனம் வைத்தால், மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் பள்ளி மண்டபத்தைத் திறந்து, பாரம் நிரப்பத் தெரிந்தவர் தெரியாதவருக்கு உதவலாம். இதற்கு மில்லியன்கள் தேவையில்லை. சில நாற்காலிகளும் ஒரு நகலெடுக்கும் இயந்திரமும் போதும்.

எங்கள் பள்ளியில் அப்படி ஒரு சிறு முயற்சியைத் தொடங்கியுள்ளோம். முதல் சனிக்கிழமை நான்கு பேர்தான் வந்தனர். அவர்களுள் ஒருவர் அந்தத் தாயார். தன் பெயரிலேயே 30 ரிங்கிட்டுக்குத் தொழிலைப் பதிவு செய்தார், பயிற்சிக்குச் சென்றார், தடுப்பூசியும் போட்டுக்கொண்டார். பாரத்தைப் பேனாவால் முறையாக நிரப்பி அனுப்பினோம்.

சில மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. 'வருந்துகிறோம்' என்று ஒரே வரி. காரணம் ஏதுமில்லை.

இப்போது ஆறாம் ஆண்டில் பயிலும் அம்மாணவிதான் அக்கடிதத்தையும் என்னிடம் கொண்டு வந்தாள். "ஏன் டீச்சர் காரணம் எழுதல? நாங்க காரணம் எழுதலைன்னா நீங்க புள்ளி கொடுக்க மாட்டீங்களே?" என்றாள்.

அவளுக்கு 107ஆம் பிரிவை விளக்க நான் முயலவில்லை. "மறுபடியும் எழுதுவோம். இந்தத் தடவை காரணத்தையும் கேட்டு எழுதுவோம்" என்றேன். எழுதிவிட்டோம்; நகலை வட்டாரத்தின் மன்ற உறுப்பினருக்கும் அனுப்பியுள்ளோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

உங்கள் பள்ளி வட்டாரத்திலும் இப்படிப்பட்ட தாய்மார்கள் இருப்பார்கள். நாளைக் காலை அவர்களிடம் நாசி லெமாக் வாங்கும்போது, "உரிமத்துக்கு விண்ணப்பிச்சிட்டீங்களா, அக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லை என்றால், உடன் அமர்ந்து ஒரு பாரத்தை நிரப்பிக் கொடுங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.